பழைய ரேஸ் படகின் பாய்மரக் கம்பிகளைச் சரிசெய்வது: முதல்முறை செய்பவர்களுக்கு

பழைய ரேஸ் படகு வாங்கியவர்கள் முதலில் கை வைப்பது, கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளில்தான். கம்பி தொய்ந்திருக்கிறது, நாலு சுற்று இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பு. அடுத்த வாரம் பார்த்தால் மறுபடியும் தொய்வு, மறுபடியும் நாலு சுற்று. புதுக் கம்பி முதல் சில ஓட்டங்களில் கொஞ்சம் நீளும், உண்மைதான். அதற்குப் பிறகும் தொய்ந்துகொண்டே இருந்தால் நீள்வது கம்பி இல்லை. கம்பியைப் பிடித்திருக்கும் இடம் அசைகிறது. அதனால் இந்த விளக்கத்தில் பாதி, ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை.

இங்கே பேசுவது 7 முதல் 9 மீட்டர் நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் படகு, அலுமினியப் பாய்மரம், ஒரே ஜோடி ஸ்ப்ரெடர் (மரத்திலிருந்து இரு பக்கமும் நீளும் கைகள்). 1977இல் சந்தைக்கு வந்த ஜே/24 இந்த ரகம். ஒரே வடிவப் படகுகளுக்கான போட்டியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அந்த வகுப்பின் விதிகளை முதலில் படித்துவிடுங்கள். ஃபோர்ஸ்டே நீளம், கம்பியின் விட்டம் எல்லாவற்றுக்கும் அதில் வரம்பு இருக்கும்.

பெயர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்நுனியிலிருந்து, மேலே போவது ஃபோர்ஸ்டே, பின்னால் இறங்குவது பேக்ஸ்டே. இரு பக்கமும் பிடிப்பவை ஷ்ரௌட்கள். ஸ்ப்ரெடர் நுனியைத் தொட்டு மேலே போவது மேல் ஷ்ரௌட், ஸ்ப்ரெடர் அடியிலேயே முடிவது கீழ் ஷ்ரௌட். ஷ்ரௌட்களைப் படகோடு கட்டும் எஃகுப் பட்டைதான் செயின்பிளேட்.

படி 1: பாய்மரத்தை இறக்கிப் பாருங்கள்

நிற்கும் மரத்தில் கண்ணுக்குப் படாதவை படுத்த மரத்தில் படும். கம்பியின் மேல் பருத்தித் துணியை வைத்து நுனி முதல் நுனி வரை இழுங்கள். ஓர் இடத்தில் நூல் சிக்கினாலும் அங்கே இழை அறுந்திருக்கிறது. அந்தக் கம்பிக்கு வாழ்வு முடிந்தது. கம்பி முடியும் இடத்தில் அழுத்திப் பொருத்திய டெர்மினலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கீழ்முனை டெர்மினலில்தான் விரிசல் முதலில் வரும், ஏனென்றால் கம்பி வழியாக இறங்கும் உப்புநீர் அதற்குள் போய்த் தேங்குகிறது. சந்தேகம் இருந்தால் விரிசல் காட்டும் சிவப்புச் சாயம் தெளித்துப் பாருங்கள். கம்பிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது, அல்லது எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது என்றால், மொத்தத்தையும் மாற்றிவிடுவதே மேல். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

மரத்தின் மேல் துருப்பிடிக்காத எஃகுத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடி தெரியும். உப்புநீரில் இரு உலோகங்கள் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம். திருகைக் கழற்றி, சுரண்டிச் சுத்தம் செய்து, தடுப்புப் பசை தடவி மாட்டுங்கள்.

உச்சியில் இருக்கும் உருளைகளை விட்டுவிடாதீர்கள். பழைய படகுகளில் பாயை ஏற்றும் ஹாலியார்டில் பாதி கம்பி, பாதி கயிறு. உருளையின் பள்ளமும் கம்பிக்கு ஏற்ற குறுகிய ஆங்கில வி வடிவம். அதில் புதிதாக டைனீமா என்ற செயற்கை இழைக் கயிற்றைப் போட்டால் பள்ளத்தில் பிதுங்கி நசுங்கும், பழைய கம்பி கீறிவைத்த விளிம்பில் அறுபடும். கயிறு மாற்றினால் உருளையையும் மாற்றுங்கள்.

படி 2: தளத்தின் உள்ளே என்ன இருக்கிறது

அந்தக் காலத்துப் படகுகளின் தளம் (டெக்) பெரும்பாலும் சாண்ட்விச் மாதிரி: மேலும் கீழும் ஃபைபர்கிளாஸ், நடுவில் பால்சா மரம். போல்ட் துளை வழியாக நீர் இறங்கினால் பால்சா ஊறி மக்கிவிடும். சிறிய சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் செயின்பிளேட்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். மக்கிய இடம் ‘தொப்’ என்று செத்த ஒலி கொடுக்கும். ஒலி மாறும் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொண்டே போனால் சேதத்தின் எல்லை தெரிந்துவிடும்.

செயின்பிளேட்டைக் கட்டாயம் வெளியே உருவுங்கள். பலர் இந்த வேலையைத்தான் தவிர்க்கிறார்கள். தளத்துக்கு மேலே பளபளவென்று மின்னும் பட்டை, தளத்தின் தடிமனுக்குள் மறைந்திருக்கும் அந்த இரண்டு சென்டிமீட்டரில் பழுப்புக் கறையும் மயிரிழை விரிசலுமாக இருக்கும். துருப்பிடிக்காத எஃகின் மேல்படலம் நிலைக்கக் காற்று வேண்டும்; ஈரத்தில் காற்றில்லாமல் அடைபட்டால் அதுவும் துருப்பிடிக்கும். விரிசல் இருந்தால் பற்றவைக்காதீர்கள், புதுப் பட்டை போடுங்கள். கீழே பட்டை போல்ட் செய்யப்பட்ட ப்ளைவுட் தடுப்பை ஸ்க்ரூட்ரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கம்பி தொய்ந்த காரணம் கையில் கிடைத்துவிட்டது. அந்தத் தடுப்பை மாற்றாமல் மேலே எதையும் இறுக்கக் கூடாது.

போல்ட் துளைகளைச் சரிசெய்யும் முறை: 6 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை இடுங்கள். வளைத்த ஆணியை ட்ரில்லில் மாட்டி, உள்ளிருக்கும் பால்சாவை மட்டும் சுற்றிலும் சுரண்டி எடுங்கள். நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தின் மேல் எப்பாக்ஸி ஒட்டாது. கீழே டேப் ஒட்டி, சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியை நிரப்புங்கள். இறுகியதும் 6.5 மி.மீ. துளையிட்டு, மேல் விளிம்பைக் கொஞ்சம் சரிவாகச் சீவுங்கள். பியூட்டைல் டேப் அந்தச் சரிவில் வளையமாக உட்கார்ந்து நீரைத் தடுக்கும். இறுக்கும்போது நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட் சுற்றினால் அந்த வளையம் பிய்ந்துபோகும்.

மரத்தின் அடி உட்காரும் இடத்தையும் அதன் கீழ் உத்திரத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். அது ஒரு சென்டிமீட்டர் அமுங்கினாலும் எல்லாக் கம்பியும் ஒரே நேரத்தில் தொய்யும்.

படி 3: நடுவில் நிறுத்துதல்

படகு நீரில் சமமாக மிதக்கவேண்டும், காற்று இருக்கக் கூடாது, தளத்தில் யாரும் நடமாடக் கூடாது. எல்லா டர்ன்பக்கிள் மரையிலும் லானோலின் தடவுங்கள். எஃகு மரை உலர்ந்த நிலையில் சுமையோடு திரும்பினால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பிறகு ரம்பம்தான் வழி.

ஹாலியார்டில் எஃகு டேப்பைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, இடது வலது செயின்பிளேட் வரை அளந்து பாருங்கள். துணி டேப் நீளும், வேண்டாம். மேல் ஷ்ரௌட்களை ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இறுக்கி, இரண்டு அளவும் ஒன்றாகும்வரை கொண்டுவாருங்கள். ஹாலியார்டு உருளை நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தால் அந்த விலகலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பாய்மரத்தின் பின்சாய்வு

பேக்ஸ்டேயைத் தளர்த்துங்கள். மெயின் ஹாலியார்டு நுனியில் ஓர் எடையைக் கட்டி, அது ஆடாமலிருக்க ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் பூம், மரத்தில் மாட்டும் உயரத்தில், மரத்தின் பின்முகத்துக்கும் கயிற்றுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி சாய்வு என்றால் சுமார் 17.5 செ.மீ. வகுப்பின் ட்யூனிங் குறிப்பில் எண் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு டிகிரியில் தொடங்கலாம். மாற்றுவது ஃபோர்ஸ்டே நீளத்தில்.

படி 5: இறுக்கம்

கையால் தொய்வை எடுத்த நிலையில், 2 மீட்டர் மரச் சட்டத்தின் மேல்முனையை மட்டும் மேல் ஷ்ரௌடோடு டேப்பால் ஒட்டுங்கள். கீழ்முனைக்கும் டெர்மினலுக்கும் உள்ள இடைவெளியை வெர்னியர் காலிபரால் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது இரு பக்கமும் மாறி மாறி அரைச் சுற்று இறுக்குங்கள். 19 இழைக் கம்பியில் அந்த இடைவெளி 1 மி.மீ. கூடினால், கம்பி அறுபடும் சுமையில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது என்று பொருள். கம்பியின் தடிமன் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரே தண்டாக வரும் ராடுக்கு மட்டும் பொருந்தாது.

ஸ்ப்ரெடர் நேர்பக்கமாக நீட்டியிருந்தால் 3 மி.மீ., அதாவது 15 சதவீதம். பின்பக்கம் சாய்ந்திருந்தால் 4 மி.மீ. அதற்கு மேல் போகத் தோன்றினால் படி 2க்குத் திரும்புங்கள்.

கீழ் ஷ்ரௌட்களுக்கு எண் பார்க்கவேண்டாம், கண் போதும். மரத்தின் அடியில் கன்னத்தை வைத்து பாய் ஏறும் காடி வழியாக மேலே பாருங்கள். நடுப்பகுதி இடப்பக்கம் வளைந்திருந்தால் வலக் கீழ் ஷ்ரௌடை இறுக்குங்கள். ஸ்ப்ரெடர் பின்சாய்வாக இருந்தால் மேல் ஷ்ரௌட் இறுக இறுக மரத்தின் நடு முன்பக்கம் வளையும், கீழ் ஷ்ரௌட் அதைத் திரும்ப இழுக்கும். நடு ஒருபோதும் பின்பக்கம் வளையக் கூடாது. மரம் முறிவது அந்த நிலையில்தான்.

படி 6: பாயோடு

மணிக்கு 10 முதல் 14 கடல் மைல் (நாட்) காற்றில், காற்றை எதிர்த்து, படகு பக்கவாட்டில் 20 டிகிரி சாய்ந்திருக்க ஓட்டுங்கள். காற்று மறைவுப் பக்க மேல் ஷ்ரௌட் லேசாகத் தளரலாம், ஊசலாடக் கூடாது. காடி வழியாக மறுபடி பாருங்கள். உச்சி மறைவுப் பக்கம் விழுந்தால் மேல் ஷ்ரௌட் போதவில்லை. நடு தொங்கினால் கீழ் ஷ்ரௌட் போதவில்லை. சுமையில்லாத மறைவுப் பக்கத்தில் மட்டும் திருப்புங்கள், சுற்றை எண்ணிக்கொள்ளுங்கள், படகைத் திருப்பி அடுத்த பக்கத்திலும் அதே சுற்று. 3/8 அங்குல நுண்மரை டர்ன்பக்கிளில் ஒரு முழுச் சுற்று 2 மி.மீ.க்குச் சற்று அதிகம், அதனால் அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள்.

சுக்கான் பிடியை விட்டதும் அணியம் மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பினால் சரி. கை வலிக்க இழுத்துப் பிடிக்கவேண்டியிருந்தால் பின்சாய்வைக் குறையுங்கள். ஆனால் தொளதொளத்த பழைய பாயும் இதே தொல்லையைத் தரும். அதைப் பார்த்துவிட்டு மரத்தைக் குறை சொல்லுங்கள்.

படி 7: பூட்டுதல்

ஒவ்வொரு டர்ன்பக்கிளிலும் ஸ்பிளிட் பின் போடுங்கள். கால்களை 20 டிகிரி விரித்தால் போதும். முழுக்க மடக்கினால் அவசரத்தில் கழற்ற முடியாது. கூர்முனை பாயைக் கிழிக்காமல் டேப் சுற்றுங்கள், டர்ன்பக்கிளை மொத்தமாக மூடாதீர்கள், உள்ளே நீர் தேங்கும். வெளியே தெரியும் மரையின் நீளத்தைக் காலிபரால் அளந்து, ஒவ்வொரு கம்பிக்கும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு ஓட்டத்துக்குப் பிறகு அளவு மாறாமல் கம்பி மட்டும் தொய்ந்திருந்தால், கம்பி புதிதாக இருக்கும்வரை ஒருமுறை இறுக்கலாம். இரண்டாம் முறையும் தொய்ந்தால் ஸ்பேனரை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுங்கள்.