பங்கோருக்குத் திங்கட்கிழமை போங்க

மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கிற எங்க ஊத்தான் மெலிந்தாங்கில், பங்கோர் தீவைப் பார்க்காத குடும்பம் குறைவு. போற விதம்தான் எனக்குப் பிடிக்கிறதில்லை. பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையாப் பார்த்து பஸ் எடுத்து, பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயி, பாசிர் போகாக் கடற்கரையில குளிச்சு, அன்னைக்குச் சாயங்காலமே திரும்பிடுவாங்க. கேட்டா, "அங்க என்னா இருக்கு, கடல்தானே" என்பாங்க. என் தோசைக்கடைக்குத் திங்களும் செவ்வாயும் லீவு. அந்தத் தீவுக்கும் அதுதான் சரியான நாள்.

கிழக்குக் கரைத் தீவுகள் மாதிரி நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் மூடிக் கிடக்கிற இடம் இல்லை இது. எப்பவும் போகலாம். வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பிடுங்க. தெலுக் இந்தான் தாண்டி சித்தியவான் வரைக்கும் வழியெல்லாம் செம்பனைதான். நாம பார்க்காத செம்பனையா, தூங்குறவங்க தூங்கட்டும். காடியை ஃபெர்ரி ஏறுற லூமுட்டிலேயே நிறுத்திடுங்க, அந்தப் பக்கம் அது வேண்டாம். ஃபெர்ரி முதல்ல சுங்கை பினாங் கெச்சிலில் நிக்கும். பாதிப் பேர் எழுந்திருப்பாங்க, நீங்க உட்கார்ந்திருங்க. அடுத்ததுதான் பங்கோர் டவுன். இறங்கினதும் ரோஸ் கலர் வேன் டாக்சி நிக்கும். வாடகையைப் பேசிட்டு ஏறுங்க. லைசென்ஸ் இருந்தா மோட்டார் வாடகைக்கு எடுக்கிறது இன்னும் நல்லது, நினைச்ச இடத்துல நிக்கலாம்.

முதல்ல பத்ரகாளியம்மன் கோயில். தீவோட கிழக்குக் கரையில கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கா. வாசல்ல நின்னா மீன் படகு போறது தெரியும். மாசி மகத்துக்கு வந்தா கூட்டத்துல அம்மனை எட்டித்தான் பார்க்கணும். அதை வேற பயணமா வச்சுக்குங்க.

அப்புறம் தெலுக் கெடுங்கில் டச்சுக் கோட்டை. வெள்ளீயத்தை வைக்க 1670இல் கட்டினது. 1690இல் ஊர்க்காரங்க அடிச்சு நொறுக்கிட்டாங்க. 1743இல் திரும்பக் கட்டி, 1748இல் விட்டுட்டே போயிட்டான் டச்சுக்காரன். இப்போ இருக்கிறது செங்கல் சுவரு மட்டும், சீக்கிரம் பார்த்துடலாம். பிள்ளைங்க கூட வந்தா இன்னொண்ணும் சொல்லுங்க. 1874 ஜனவரி 20ஆம் தேதி இந்தக் கடல்லதான், புளூட்டோங்கிற கப்பல்ல, பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. சுல்தானுக்கு ஆலோசகரா பேராக்குக்கு வெள்ளைக்கார ரெசிடெண்ட் வந்தது அதனாலதான். முதல்ல வந்த பர்ச்சை அடுத்த வருஷமே பாசிர் சாலாக்கில் கொன்னுட்டாங்க. தோட்டமும் லயமும் நம்ம பாட்டன் பூட்டன் கப்பல் ஏறினதும் அதுக்குப் பின்னால வளர்ந்த கதை. இதையெல்லாம் பிள்ளைங்க புத்தகத்துல மனப்பாடம் பண்றாங்க, அந்தக் கடல்ல காலை நனைச்சிருக்க மாட்டாங்க.

தங்குறதுக்கு தெலுக் நிப்பா கடற்கரை. நடுவாரத்துல அறை காலியாத்தான் கிடக்கும், விலையைக் குறைச்சுக் கேளுங்க, வெட்கப்படாதீங்க. மத்தியானம் ஒரு வேலையும் வச்சுக்காதீங்க. கடைக்காரரே நாற்காலியில தூங்கிக்கிட்டு இருப்பாரு, எழுப்பித் தண்ணி கேட்டா மெதுவாத்தான் வரும். அதுக்குக் கோவிச்சுக்கிறவங்க கோலாலம்பூருக்கே போகட்டும். சாயங்காலம் இருவாச்சி வரும். பழத்துண்டை நீட்டினா அவ்வளவு பெரிய அலகு நுனியால விரலைத் தொடாம எடுத்துக்கும். குரங்குக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே பாய்ஞ்சு வரும், சாப்பாட்டுப் பையைக் கையில தொங்கவிட்டு நடக்காதீங்க.

2020 ஜனவரியிலிருந்து பங்கோர் வரியில்லாத் தீவு. மத்தவங்க வரியில்லாக் கடையைச் சுத்தட்டும். நீங்க நெத்திலி வாங்குங்க. இங்க படகுலயே உப்புத்தண்ணியில அவிச்சு, கரைக்குக் கொண்டாந்து காயவைப்பாங்க. மாத்தா பிரு ரகம்னு கேளுங்க, விலை கூடத்தான். ஒண்ணைக் கையில எடுத்து உடைச்சுப் பாருங்க. டக்குன்னு உடைஞ்சா நல்லாக் காய்ஞ்சது. வளைஞ்சுதுன்னா ஈரம், தண்ணிக்கும் சேர்த்து நீங்க வெள்ளி கொடுக்கிறீங்க. உடம்பு பளபளன்னு இருக்கணும், மஞ்சள் ஏறியிருந்தா பழைய சரக்கு. வாயில போட்டு உப்பும் பாருங்க, கடை முதலாளி தவுக்கே ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சம்பலுக்குச் சின்னது போதும், பெருசை வாங்கித் தலை கிள்ளியே நேரம் போயிடும். வீட்டுக்கு வந்ததும் பிரிச்சுக் கட்டி பிரீசர்ல போட்டுடுங்க, வெளியில வச்சா நிறம் மாறிடும்.

ரெண்டு பை போட்டு இறுக்கக் கட்டச் சொல்லி, காடி பின்னால சாமான் வைக்கிற பூட்டிலேயே வைங்க. பின் சீட்டுல வச்சா ஊத்தான் மெலிந்தாங் வரைக்கும் ஏர்கோனை அடைச்சுக் கண்ணாடியை இறக்கித்தான் ஓட்டணும்.