மே வேண்டாம், மாசி போதும்

மலேசியாவின் லங்காவியில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகச் சுற்றலாம் என்றான் சிங்கப்பூர்த் தம்பி. முகவர் மே மாதத்துக்கு மலிவு விலை சொன்னார். மலிவுக்குக் காரணம் தென்மேற்குப் பருவக்காற்று. அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரைதான் கடல் அடங்கியிருக்கும். எங்களுக்கும் மாசிதான் வசதி, சம்பா அறுவடை முடிந்திருக்கும்.

அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா? ஜாம்பவானோடையில் படகேற்றி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப்போனேன். கோரையாற்றில் வெற்றிலை மென்றபடி ஊர்க்கதை பேசினார். காயல் விரிந்து காற்று அடித்ததும் பேச்சு நின்றது, முந்தானை வாய்க்குப் போனது. அன்றே, அதிகம் சாயாத இரட்டை உடல் கேட்டமரானுக்கு மாற்றச் சொன்னேன். வாடகை கூடுதல்தான். மாலுமியையும் சேர்த்தே பேசியாயிற்று. தானே ஓட்டுவதாக மச்சான் சொல்கிறார், யார் நம்புவது!