கூலியில் பிடித்தம்: கணக்குப் பார்ப்பது எப்படி

முதலாளி நினைத்ததையெல்லாம் கூலியில் கழிக்க முடியாது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது அனுமதித்த இனங்களுக்கு மட்டுமே பிடிக்கலாம். ‘ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாயே’ என்ற பேச்சு எடுபடாது. சட்ட உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

மாதம் 13,000 ரூபாய், 26 நாள் வேலை, நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கூலி 500. ஒரு மணி நேரத்துக்கு 62.50. காரைக்குடியில் ஓட்டல் வேலைக்கு ஒரு மணி நேரம் பிந்தி வந்தவருக்கு 62.50-க்கு மேல் கழிக்கக் கூடாது. அரைநாள் கூலியான 250-ஐ வெட்டினால் 187.50 திரும்பக் கேட்க வேண்டிய பணம்.

தகராறு அதிகம் வருவது உடைசலில்தான். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் கல் விரிசல் விட்டால் முதலில் காரணத்தைப் பாருங்கள். சிமெண்ட் பழசு, கலவை விகிதம் தவறு, அவசர ஆர்டருக்காகத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நாள் போதாமல் எடுக்கச் சொன்னார்கள் என்றால், அது செய்தவர் தலையில் விழாது. பொறுப்பில் ஒப்படைத்த பொருள், உங்கள் கவனக்குறைவால் நேரடியாகச் சேதமானால்தான் பிடித்தம். அப்போதும் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். நட்டத்துக்கு மேல் ஒரு பைசாவும் எடுக்கக் கூடாது. கண்ணாடி, அச்சு, வண்ணப்பொடி போன்ற கருவிக்கும் மூலப்பொருளுக்கும் ‘வசதி செய்து கொடுத்தோம்’ என்று விலை போட்டுக் கழிப்பதும் தவறு.

அபராதம் வேறு. எந்தத் தவறுக்கு என்று அரசின் முன் ஒப்புதலோடு அறிவிப்புப் பலகையில் போட்டிருக்க வேண்டும். உச்ச அளவு கூலியில் 3 சதவீதம், இங்கே 390 ரூபாய். தவணையாகப் பிடிக்கக் கூடாது. தவறு நடந்து 90 நாள் கடந்தால் வசூலிக்கவும் முடியாது. 15 வயதுக்குக் குறைந்தவருக்கு அபராதமே இல்லை. அந்தப் பணம் முதலாளிக்குச் சேராது, தொழிலாளர் நலனுக்குத்தான்.

வைப்புநிதிக்கு 12 சதவீதம் (13,000-மும் அடிப்படைச் சம்பளம் என்றால் 1,560), இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம். இவை உங்கள் பங்கு. முதலாளியின் பங்கையும் சேர்த்துக் கழித்திருக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் கட்டாயம் பாருங்கள். பலர் ஏமாறும் இடம் இது. பிடித்தும் கட்டாமல் விட்டால் அந்தத் தவறு உங்களைச் சேராது.

முன்பணத் தவணை உட்பட எல்லாம் சேர்ந்தும் பிடித்தம் பாதிக் கூலியைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கில் 6,500.

பிடித்தம் சந்தேகமாக இருந்தால், அன்றே தேதி, தொகை, சொன்ன காரணம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். சம்பளச் சீட்டு கேளுங்கள். கொடுப்பது முதலாளியின் கடமை. அடுத்து, எந்த இனத்தில் பிடித்தீர்கள் என்று எழுத்தில் கேட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் சிவகங்கை மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். தொழிற்சங்கமும் உங்களுக்காகக் கொடுக்கலாம். கெடு 3 ஆண்டு. முன்பு ஓர் ஆண்டுதான் இருந்தது. கூலியைச் சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. பிடித்த தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் கிடைக்கலாம்.

வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தினாலும் பாக்கி இரண்டு வேலை நாளுக்குள் கைக்கு வர வேண்டும். ‘உனக்குப் பதில் ஆள் கொண்டுவந்து விட்டால்தான் கணக்கு முடிப்பேன்’ என்று இழுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.