ஸ்டேட் போர்டுக்கு நிற்கப்போகிற டீச்சருக்கு

நம் ஊரில் ஸ்டேட் போர்டு என்றால் பாடத்திட்டம். டெக்சஸில் அது 15 நாற்காலி. மாநிலக் கல்வி வாரியத்தின் ஒவ்வொரு நாற்காலிக்கும் தேர்தல் உண்டு, பதவிக்காலம் நான்கு வருடம், சம்பளம் பைசா கிடையாது. என்னோடு ஒரே பள்ளியில் வேதியியல் நடத்திய தோழி அதற்கு நின்றார். கணக்கு டீச்சர் என்பதால் பொருளாளர் வேலை என் தலையில் விழுந்தது. அவர் பிரைமரியிலேயே, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலிலேயே, தோற்றார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், வழிமுறை இரண்டுக்கும் ஒன்றுதான். அடுத்து நிற்க நினைக்கும் டீச்சருக்காக இதை எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை, இந்தப் பதவி என்ன செய்கிறது என்பதை அரை நிமிடத்தில் சொல்லப் பழகுவது. மனுவெல்லாம் அப்புறம். நாங்கள் போன முதல் சனிக்கிழமை, மூன்றாவது வீட்டில் ஒரு தமிழ்ப் பெரியவர். துண்டறிக்கையைக் கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார். படித்துவிட்டு, "ஏம்மா, பேரனோட ஸ்கூல் பஸ் தினம் லேட்டா வருது, அதைக் கொஞ்சம் கேப்பீங்களா?" என்றார். பஸ், மதியச் சாப்பாடு, எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு, எல்லாம் உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்தின், அதாவது ஐஎஸ்டியின், டிரஸ்டிகள் கையில். கல்வி ஆணையரை நியமிப்பது ஆளுநர். பள்ளிக்கு எவ்வளவு பணம் என்பதைத் தீர்மானிப்பது சட்டசபை. அப்படியானால் நீங்கள் எதற்கு என்று பெரியவர் கேட்டார். தோழிக்கு அன்று பதில் நீண்டுபோனது, அவருக்குக் கால் வலித்தது, கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அடுத்த வாரம் வகுப்புப் பாணிக்கு மாறினோம். "உங்கள் பேரன் எந்த வகுப்பில் என்ன படிக்கணும் என்று ஒரு பட்டியல் இருக்கு, பேரு டீக்ஸ். அதை ஓட்டுப் போட்டு முடிவு பண்ற 15 பேரில் ஒருத்தர் இந்தப் பகுதிக்கு. அதுக்குத்தான் நிற்கிறேன்." அவ்வளவுதான். கேட்பவருக்கு ஆர்வம் இருந்தால் மேலே போகலாம்: பாடப் பொருள்களுக்கு ஒப்புதல், அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள் புதிதாக வருவதைத் தடுக்கும் அதிகாரம், 1854ல் 20 லட்சம் டாலரில் தொடங்கி இன்று 5,000 கோடி டாலரைத் தாண்டிவிட்ட நிரந்தரப் பள்ளி நிதியில் வாரியத்துக்கு உள்ள பங்கு. ஒரு ஓட்டு என்ன செய்துவிடும் என்று கேட்பவருக்கு 2024 நவம்பரைச் சொல்லுங்கள். பைபிள் கதைகள் இடம்பெற்ற புளூபானெட் பாடத்தொகுப்பு அன்று 8க்கு 7 என்ற கணக்கில் நிறைவேறியது. அது சரியா தவறா என்பதில் அவரவருக்கு ஒரு கருத்து இருக்கும். கணக்கு மட்டும் யாருக்கும் மறக்காது.

தகுதி சுலபம். அமெரிக்கக் குடிமகனாக, 26 வயது நிறைந்தவராக, அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும், அங்கே ஒரு வருடம் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். ஐஎஸ்டி டிரஸ்டி மாதிரி வேறு பொதுப் பதவியில் இருந்தால் முடியாது. டீச்சர் என்பவர் ஊழியர்தான், பதவி வகிப்பவர் அல்ல, அதனால் நிற்கலாம். ஆனால் ஜெயித்தால் வருடத்தில் குறைந்தது நான்கு முறை ஆஸ்டினில் கூட்டம், ஒவ்வொன்றும் சில நாள் நீளும். அந்த லீவு எங்கிருந்து வரும் என்று வீட்டிலும் பள்ளியிலும் இப்போதே பேசிவிடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன், இது என் பேட்டை. பொருளாளர் நியமனப் படிவத்தைத் தேர்தல் பணத்தைக் கண்காணிக்கும் டெக்சஸ் எதிக்ஸ் கமிஷனில் கொடுக்கும் முன் ஒரு டாலர் வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. வேட்பு மனுக் கட்டணம்கூடச் செலவுதான், சொந்தப் பணமாக இருந்தாலும். அந்தக் கட்டணம் 300 டாலர். அதற்குப் பதிலாக வாக்காளர் கையெழுத்து வாங்கியும் கொடுக்கலாம். தோழியின் அப்பா ஊரிலிருந்து போனில், "டெபாசிட் போயிடுமாம்மா?" என்று கவலைப்பட்டார். இது டெபாசிட் இல்லை அப்பா, ஜெயித்தாலும் திரும்ப வராது என்றதும் அவருக்கு என்னவோ நிம்மதி. மனுக் காலம் தேர்தல் ஆண்டுக்கு முந்தைய நவம்பரில் தொடங்கி டிசம்பர் இரண்டாம் திங்கள்கிழமையோடு முடியும். கடைசி நாள்வரை காத்திருந்து ஒரு எழுத்துப் பிழையால் மனு திரும்பினால் திருத்த நேரம் இருக்காது.

நன்கொடையில் நம்மவர்களிடம்தான் அதிகம் உஷாராக இருக்க வேண்டியிருந்தது, அன்பு மிகுதியால். ஒரு தமிழ் நண்பர் 500 டாலர் செக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மேலே அவருடைய நிறுவனத்தின் பெயர், கடைசியில் 'இன்க்'. இங்கே வேட்பாளர் கார்ப்பரேஷனாகப் பதிவான நிறுவனத்தின் பணத்தைத் தொடக்கூடாது. திருப்பிக் கொடுத்து, சொந்தக் கணக்கிலிருந்து வாங்கினோம். ரொக்கம் என்றால் ஒரு கணக்கு அறிக்கைக் காலத்துக்கு ஒருவரிடம் 100 டாலருக்கு மேல் கிடையாது. எச்1பி விசாவில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடத் தரமுடியாது, கிரீன் கார்டு இருந்தால் தரலாம். விசாக்காரரிடம் இதைச் சொல்லும்போது முகம் வாடிப்போகிறது. சம்பளமில்லாமல் கூட வந்து கதவு தட்டலாமே என்று உடனே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு நடக்கச் சலிக்காத இருவர் அப்படித்தான் கிடைத்தார்கள்.

பள்ளியின் மின்னஞ்சல், ஜெராக்ஸ் மெஷின், ஸ்டாஃப் ரூம் தபால் பெட்டி, எதையும் பிரசாரத்துக்குத் தொடாதீர்கள். அரசுப் பணத்தில் அரசியல் விளம்பரம் செய்வது சட்டப்படி குற்றம். சக ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுவதானாலும் சொந்த போனில், மணி அடித்த பிறகு.

இப்போது என் அவமானக் கதை. வீட்டு வாசலில் நடும் 150 பலகைகளுக்கு ஆர்டர் கொடுத்தோம். பதவியில் இல்லாதவர் பதவியின் பெயரைப் போடும்போது அதற்கு முன் 'ஃபார்' என்ற சொல் இருக்க வேண்டும். அதுவும் பதவிப் பெயரின் எழுத்தளவில் பாதியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே பதவியில் இருப்பதாக ஏமாற்றிய கணக்கு. ப்ரூஃபைப் பார்த்து ஓகே சொன்னது நான்தான். 'ஃபார்' இருந்தது, எறும்பு மாதிரி. பலகைகள் வந்து இறங்கிய அன்று ஸ்கேல் வைத்து அளந்தேன்: பதவிப் பெயர் இரண்டு அங்குலம், 'ஃபார்' அரை அங்குலம். இரண்டு பக்கமும் அச்சு, ஆக 300 ஸ்டிக்கர். இரண்டு இரவு கராஜில் உட்கார்ந்து ஒட்டினோம். ஆகவே ப்ரூஃப் வந்ததும் மூன்றைப் பாருங்கள்: 'ஃபார்' அளவு, விளம்பரச் செலவு யாருடையது என்ற வரி, நெடுஞ்சாலை ஓரத்தில் நடக்கூடாது என்ற சட்ட எச்சரிக்கை வரி.

யாரைப் பார்ப்பது? ஒரு தொகுதியில் சுமார் 19 லட்சம் மக்கள். அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதியைவிட இரண்டு மடங்குக்கு மேல். நாங்கள் ஒரு காலையில் தட்டிய கதவு 40. கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், எல்லாக் கதவையும் தட்ட ஆயுசு போதாது. போன பிரைமரிகளில் ஓட்டுப் போட்டவர்களின் பட்டியலை வாங்கலாம். யாருக்குப் போட்டார் என்று அதில் இருக்காது, எந்தக் கட்சியின் பிரைமரியில் போட்டார் என்று இருக்கும். மார்ச் முதல் செவ்வாய் பிரைமரிக்கு வருபவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்கள்தான் உங்கள் வகுப்பு. முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்கள் தொடங்குவதற்குள் அவர்களைப் பார்த்துவிட வேண்டும். நாங்கள் கடைசி வாரத்துக்கென்று பாதிப் பட்டியலை வைத்திருந்தோம். போய்ப் பார்த்தபோது பலர், "போன வாரமே போட்டாச்சே" என்றார்கள். எங்கள் பெரிய தப்பு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். வாக்குச் சீட்டில் இந்தப் பதவி கீழே எங்கோ வரும். மேலே உள்ளதைக் குறித்துவிட்டு இதைக் காலியாக விடுபவர்கள் நிறைய. அதனால் பேசி முடித்துக் கிளம்பும்போது, "சீட்டில் கொஞ்சம் கீழே வாங்க, அங்கே இருப்பேன்" என்று தோழி சொல்ல ஆரம்பித்தார். சிரித்தவர்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள். வாக்குச் சாவடியில் மட்டும், வாசலிலிருந்து 100 அடிக்குள் பேச்சும் வேண்டாம், பேட்ஜும் வேண்டாம்.

யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு வராவிட்டால் மே மாதம் முதல் இரண்டு பேருக்கும் ரன்-ஆஃப். அதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

தோற்றாலும் பொருளாளர் வேலை முடியாது. கடைசி அறிக்கை என்று குறித்துக் கொடுக்கும்வரை ஜனவரி 15, ஜூலை 15 என்று கணக்கு கேட்டுக்கொண்டே இருக்கும், வரவு பூஜ்யமாக இருந்தாலும். நான் போன ஜூலையில்தான் முடித்தேன். பலகைகளில் 60 இன்னும் என் கராஜில் இருக்கின்றன, ஸ்டிக்கரோடு.