கடற்கரை ஊரில் விடுமுறை: ஏற்றவற்றம் பாராமல் நாள் குறிக்காதீர்கள்

தொப்பியை மறப்பது, துண்டு எடுக்காமல் போவது, செல்போனை உப்புத் தண்ணீரில் நனைப்பது ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் திருந்திவிடுகிற தவறுகள் அவை. பல தடவை போய்வந்தவர்கள் தொடக்கத்தில் செய்ததும், இன்று புதிதாகக் கிளம்புகிறவர்கள் அச்சு மாறாமல் திரும்பச் செய்வதும் வேறு வகை. வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போதே அவை நடந்து முடிந்துவிடுகின்றன. பெரிய சுற்றுலா நகரத்தில் ஒரு கடற்கரை சரியில்லை என்றால் இன்னொன்றுக்குப் போகலாம். சிற்றூரில் இருப்பதே ஒரு கடற்கரையும் நாலைந்து விடுதிகளும்தான். அங்கே போய் இறங்கியபின் மாற்றிக்கொள்ள எதுவும் இருக்காது.

ஏற்றவற்ற அட்டவணையைப் பாராமல் நாள் குறிப்பது

எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தவறு மட்டும் குறைவதேயில்லை. விடுமுறை எப்போது கிடைக்கும் என்று பார்க்கிறார்கள், பயணச்சீட்டு பார்க்கிறார்கள், மழை வருமா என்று பார்க்கிறார்கள். கடல் கரையேறுவதும் வற்றிப் பின்வாங்குவதும்தான் ஏற்றவற்றம். அது எந்த நேரத்தில் எந்த உயரத்துக்கு வரும் என்று காட்டும் அட்டவணையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பௌர்ணமி நிலவில் கடலைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு, ஏற்றம் மிக அதிகமாக இருக்கும் வாரத்தைத் தாங்களே தேடிப் பிடிப்பவர்களும் உண்டு.

அதன் பலன் இப்படித்தான் இருக்கும். காலைச் சாப்பாடு முடித்து, பிள்ளைகள் வாளியும் மண்வெட்டியுமாகப் பதினொரு மணிக்கு இறங்குவார்கள். படிக்கட்டின் கடைசி மூன்று படிகள் தண்ணீருக்குள் இருக்கும். அலை தடுப்புச் சுவரில் மோதித் திரும்பும். விளையாட ஒரு பிடி மணல் கிடையாது. மறுநாள் ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும், அதற்கு மறுநாள் இன்னும் 50 நிமிடம். மூன்று நாள் தங்கினால் மூன்று நாளின் நடுப்பகலும் போய்விடும். கடல் நன்றாக வற்றி மணல் விரிவது பொழுது சாய்ந்த பிறகு. கொடுத்த பணம் முழுக்கச் சுவரைப் பார்க்கத்தான் செலவாகியிருக்கும்.

பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியிலும் அதை அடுத்த ஓரிரு நாட்களிலும் கடல் மிக மேலே ஏறி, மிகக் கீழே வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இந்த வித்தியாசம் குறைவு. புதியவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு: நாளுக்கு இரண்டு ஏற்றம் வருகிற ஊரில், அமாவாசை பௌர்ணமி ஏற்றம் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். அது நண்பகலில் வருகிற ஊரென்றால் எந்த மாதம் போனாலும் பௌர்ணமி வாரத்து நண்பகலில் மணல் இருக்காது. அதே ஊரில் அஷ்டமி வாரத்துக்குப் போனால் ஏற்றம் ஆறு மணி அளவில் வந்து போயிருக்கும், பகலில் கடல் வற்றிக் கிடக்கும். ஆக, அட்டவணையை ஒரே ஒருமுறை பார்த்தால் போதும், அந்த ஊருக்கு எந்த வாரம் நல்லது என்பது என்றைக்கும் தெரிந்துவிடும். நாளுக்கு ஒரே ஏற்றம் வருகிற கரைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

அட்டவணையில் உள்ள உயரத்தைத் தண்ணீரின் ஆழம் என்று நினைத்துவிடக் கூடாது. கடல் மிகத் தாழ வற்றும் மட்டத்தை ஒட்டிய ஓர் அடிப்படைக் கோட்டிலிருந்து அளந்த உயரம் அது. எண்ணை வைத்து மட்டும் மணல் இருக்குமா என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் எடுத்த கடற்கரைப் படம் ஒன்றை, எடுத்த தேதியும் மணியும் குறித்து அனுப்பச் சொல்லி விடுதிக்காரரிடம் கேளுங்கள். அந்த மணிக்கு அட்டவணை என்ன உயரம் காட்டுகிறது என்று பாருங்கள். 2.6 மீட்டரில் தண்ணீர் படியைத் தொடுகிறது என்றால், நீங்கள் தங்கும் நாட்களில் பகல் ஏற்றம் 2.6-ஐத் தாண்டுகிற நாட்களை நாட்காட்டியில் அடித்துவிடுங்கள். சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள், சில அட்டவணைகளில் இந்த மாற்றம் சேர்த்திருக்காது. அதைக் கவனிக்காவிட்டால் ஒரு மணி நேரம் பிசகும்.

கரையின் சரிவும் முக்கியம். 50 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் இறங்குகிற தட்டையான கரையில், கடல் 3 மீட்டர் ஏறினால் 150 மீட்டர் மணல் மறைந்துவிடும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் செங்குத்தான கரையில் அதே ஏற்றத்துக்கு 30 மீட்டர்தான் போகும். கடல் ஒரே வேகத்தில் ஏறுவதும் கிடையாது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் பாதி ஏறிவிடும். அந்தத் தட்டையான கரையில் இரண்டே மணி நேரத்தில் 75 மீட்டர் மணல் போகும் என்று அர்த்தம். பாறை முனையைச் சுற்றி அடுத்த குடாவுக்கு நடந்து போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த நேரத்தில்தான். தண்ணீர் இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது என்று முதல் ஒரு மணி நேரம் நம்ப வைத்துவிடும். கடல் முழுக்க வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பு கிளம்பி, கடல் திரும்பி ஏறத் தொடங்கும்போது முனையைக் கடந்து திரும்பிவிட வேண்டும்.

மத்தியதரைக் கடல், பால்டிக் கடல் கரைகளில் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை, ஏற்றவற்றம் அங்கே மிகச் சிறியது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவிலோ வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும். போகிற ஊர் எந்தப் பக்கம் என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் செலவழிக்க மறுக்கிறார்கள்.

வெயில் காலம் என்றால் கடலும் வெதுவெதுப்பாக இருக்கும் என்று நம்புவது

குளிர் நாடுகளில் கடல் மெதுவாகத்தான் சூடேறும். காற்று சூடாகி ஒன்றிரண்டு மாதம் கழித்தே தண்ணீர் இதமாகும். வட அரைக்கோளத்தில் ஜூனில் கரையில் வியர்க்கும், தண்ணீரில் கால் விறைக்கும். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் குளிக்கத் தோதானவை. 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் நீரில் திடீரென்று குதித்தால் மூச்சு திணறும். நீச்சல் தெரிந்தவருக்கும் இது நேரும்.

படத்தில் உள்ள மணலை நம்புவது

புயலும் பெரிய அலையும் வரும் பருவம் மணலை அரித்துக் கடலுக்குள் கொண்டுபோகும், அமைதியான பருவம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். விளம்பரப் படம் மணல் அகலமாக இருக்கும் பருவத்தில் எடுத்ததாகத்தான் இருக்கும். நீங்கள் போகிற மாதத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள்.

‘கடற்கரைக்கு 300 மீட்டர்’ என்பதையும் வரைபடத்தில் நடைபாதையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு கழிமுகம் இருந்தால் பாலம் சுற்றிப் பல கிலோமீட்டர் ஆகும். செங்குத்துப் பாறை மேல் உள்ள விடுதி என்றால் எத்தனை படி என்று கேளுங்கள், முதியவர்கள் வந்தால் அதுதான் முதல் கேள்வி.

படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு வைப்பது

முதல் நாள் காலைக்கு வையுங்கள். காற்றால் ரத்தானால் மாற்றிக்கொள்ள மீதி நாட்கள் இருக்கும். காலை ஏன் என்றால், நிலம் சூடேறியபின் முற்பகலிலிருந்து கடற்காற்று எழும், பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். காலையில் கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீர் மூன்று மணிக்கு முகத்தில் அடிக்கும்.

அலை இல்லாத இடமாகப் பார்த்து இறங்குவது

இருபுறமும் வெள்ளை நுரையோடு அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருமையாக, அலை உடையாமல் தெரியும். பிள்ளைகளுக்கு நல்ல இடம் என்று அங்கேதான் இறக்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகிற இழுப்பு அது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பெரும்பாலும் இன்னும் வலுக்கும். மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேளுங்கள், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். சிற்றூர்களில் உயிர்காப்பாளர் பருவ மாதங்களில் மட்டும் இருப்பது வழக்கம். நாள் குறிக்கும்போதே அவர்கள் பணியில் இருப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன சன்ஸ்கிரீன் குப்பி

ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்குச் சுமார் 35 மி.லி., இரண்டு மணிக்கு ஒருமுறை. இரண்டு பேர் மூன்று தடவை பூசினாலே 210 மி.லி. தீர்ந்துவிடும்.

கையில் பணம் இல்லாமல் போவது

ஊரில் ஒரே ஏடிஎம் இருக்கும். நீண்ட விடுமுறையில் அதுவும் காலியாகும்.

கடைசிப் பேருந்து

அறை எடுக்கும் முன்பே நேரத்தை விசாரியுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாக.