கொரியன் மசாலா பேரெல்லாம் மனசுல நிக்க நான் பண்ணது

கொரியாவுல சுவோன் ஊருக்கு வந்த புதுசுல மார்ட்ல பழுப்பு கலர்ல ஒரு தூள் பாக்கெட், மல்லித்தூள்னு நம்பி வாங்கிட்டு வந்து சாம்பார்ல ரெண்டு ஸ்பூன் போட்டேன், அஞ்சே நிமிஷத்துல கூழ் மாதிரி கெட்டியாகி வேற ஏதோ வாசம். பாக்கெட்ட எழுத்துக்கூட்டி படிச்சா "துல்க்கேகாரு", அதாவது பெரில்லாங்கற செடியோட விதைத் தூள். அன்னைக்குதான் ஒழுங்கா படிக்க உக்காந்தேன்.

ஹங்குல், அதாவது கொரியன் எழுத்து, 24-ம் தெரியும்னு வச்சுக்கறேன், தெரியலன்னா அதை முடிச்சுட்டு வாங்க. நமக்கு அதுல ஒரு லாபம் இருக்கு, நம்ம "க" மாதிரியே அவங்க எழுத்தும் சொல்லோட முதல்ல வந்தா அழுத்தமா, நடுவுல வந்தா மெதுவா ஒலிக்கும்.

ஸ்டெப் 1: தனி வார்த்தைங்க. உப்பு = சோகும் (உப்பில்லாட்டி சோகம்னு வச்சுக்கோங்க, மறக்காது), சர்க்கரை = சொல்தாங், மிளகு = ஹுச்சு, பூண்டு = மானுல், இஞ்சி = செங்காங். ரெண்டு நாள் போதும்.

ஸ்டெப் 2: வால் பிடிங்க. "காரு"ன்னு முடிஞ்சா தூள், "கிரும்"னா எண்ணெய், "ஜாங்"னா பெரும்பாலும் சோயால புளிக்க வச்சது. கோச்சு மிளகாய், அப்போ கோச்சுக்காரு மிளகாத்தூள், கோச்சுஜாங் மிளகாய் விழுது. ஆனா கோதுமை மாவும் மில்காருதான், மாவுக்கும் தூளுக்கும் ஒரே வால், அதனால முன்னாடி இருக்கறதையும் படிங்க.

ஸ்டெப் 3: நான் விழுந்த குழி. முன்னாடி "சாம்" இருந்தா எள்ளு, "துல்" இருந்தா பெரில்லா. சாம்கிரும், துல்கிரும் ரெண்டு பாட்டிலும் ஷெல்ஃப்ல பக்கத்து பக்கத்துலயே நிக்கும், கலர் வச்சு கண்டுபிடிக்கறது கஷ்டம். சாம் முதல் எழுத்து தலையில தொப்பி வச்சிருக்கும், துல் முதல் எழுத்து வலது பக்கம் திறந்த பெட்டி, இதை மட்டும் பாருங்க. எள்ளுன்னதும் நல்லெண்ணெய்னு தாளிக்க ஊத்திடாதீங்க, சாம்கிரும் எள்ளை வறுத்து எடுத்தது, கடைசியா கொஞ்சம் விட்டாலே வாசம் தூக்கும்.

கன்ஜாங்லயும் (சோயா சாஸ்) இதே கதைதான். "குக்"னா சூப், குக்கன்ஜாங் கலர் கம்மி, உப்பு ஜாஸ்தி. ஜின்கன்ஜாங் நல்ல கருப்பு, பொரியல் வறுவலுக்கு. "கான்"னா உப்புச்சுவை, அவங்களும் "கான் பாக்கறது"ன்னுதான் சொல்றாங்க, நம்ம உப்புப் பாக்கறது மாதிரியே, இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

ஸ்டெப் 4: ஆப் எல்லாம் எனக்கு செட் ஆகல. பாப்பகோன்ற மொழிபெயர்ப்பு ஆப்போட கேமரா கடையில அவசரத்துக்கு மட்டும்தான். டப்பாமேல ஹங்குல்ல மார்க்கர்ல எழுதி ஒட்டுங்க, தமிழ் எழுதவே எழுதாதீங்க, டெய்லி சமைக்கும்போது கண்ணு தானா படிச்சுக்கும்.

அப்டேட்: அப்போ மல்லிக்கு என்னன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. "கோசு"! கொத்தமல்லி இலைக்கு அதான் பேரு. முட்டைகோஸ் வேணும்னா "யாங்பேச்சு"ன்னு கேளுங்க, இல்லன்னா பொரியலுக்கு ஒரு கட்டு மல்லியோட வீட்டுக்கு வருவீங்க.