நாயை இணை சேர்க்கும் முன்

"பெட்டை ஒருதடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்பது வெறும் பேச்சு. குட்டிகளுக்கு வீடு முன்கூட்டியே உறுதியாகாவிட்டால் கருத்தடை செய்துவிடுங்கள்.

இணை சேர்ப்பதானால் பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈற்றுதான். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு எக்ஸ்ரே கட்டாயம். குமரி மாவட்ட ஈரத்தில் உண்ணி ஓயாது. அதனால் இரண்டு நாய்க்கும் உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையும் எடுங்கள்.

பெட்டைக்குப் பருவ ரத்தம் கசியத் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். பெரும்பாலும் 10 முதல் 14ஆம் நாளுக்குள் கசிவு வெளிறி, பெட்டை வாலை ஒதுக்கிக் கொடுக்கும்; அதுதான் சேர்க்கும் சமயம். சேர்ந்ததிலிருந்து ஏறக்குறைய 63 நாள் சினை. ஆகஸ்ட் நடுவில் சேர்த்தால் குட்டி ஐப்பசி மழையில் பிறக்கும். பிறந்த குட்டிக்குத் தன் சூட்டைக் காக்கத் தெரியாது, ஈரத் தரையில் விறைத்துவிடும். தரையில் பலகை, மேலே உலர்ந்த சாக்கு, ஓரத்தில் பல்பு போதும்.

பலர் செய்யும் தவறு, சினையில் கால்சியம் டானிக் ஊற்றுவது. வெளியிலிருந்து கிடைத்தால் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் பழக்கத்தை உடம்பு விட்டுவிடும். பிறகு பால் கொடுக்கும்போது வலிப்பு வரலாம். கடைசி மூன்று வாரம் குட்டி நாய்த் தீவனம் கொடுங்கள், அதுவே போதும்.

ஆசனவாய் வெப்பம் 99 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் 24 மணி நேரத்துக்குள் பிரசவம். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லையா, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நீர் வருகிறதா, உடனே கால்நடை மருத்துவரிடம் வண்டியை எடுங்கள். கையால் இழுக்க வேண்டாம்.